வட்டிக்கு வாங்கிய சீதன வீடு

1

இங்கிலாந்தில் தன் வருமானத்தைத் தானே எழுதிக் கொடுத்து வரி கட்டுகிறவர்களுக்கு ஜனவரி முப்பத்தோராம் திகதிதான் கடைசி நாள். நான் லண்டனில் வந்து இறங்கியதும் ஒரு ஜனவரி முப்பத்தோராம் திகதி. கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் உம்மா பொதி பண்ணித் தந்த கற்பிட்டிக் கருவாடு, அதைத் திறந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்ட ஓர் அதிகாரி. அந்த நாளை வருஷா வருஷம் மறக்காமல் கொண்டாடுகிறோம். முதல் இருபது வருஷமும் புரியாணி ஆக்கினோம். இப்போது வரி கட்டுகிறோம். வரி கட்டிய பிறகு புரியாணிக்கு இறைச்சி வாங்குவது வசதியைப் பொறுத்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு நான் 'லண்டனில் இரண்டு வீட்டுக்காரன்'. பள்ளிவாசலுக்குக் கூரை மாற்ற வேண்டுமென்றால் முதல் அழைப்பு எனக்கு. அடக்கம் செய்கிற மையவாடியின் சுவர் சரிந்தாலும் எனக்கு. கற்பிட்டியில் இருக்கும் என் மூத்த சகோதரர் ரஸீன் நானா, நான் இல்லையென்று சொல்ல வாயெடுக்க முன்னமே, "ஒரு வீட்டு வாடகையில ஒரு மாசம் போதுமே தம்பி" என்பார். ஒரு மாச வாடகையில் எனக்கு என்ன மிஞ்சுகிறது என்று நான் சொன்னதில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பினால் சிரிப்பார்கள். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்தே பல வருஷம் போய்விட்டது. இந்த முறை சொல்லிவிடுகிறேன்.

நான் பஸ் டிப்போ ஒன்றில் நேரசூசி பார்க்கிற மேற்பார்வையாளன். சிவப்பு பஸ் பிந்தி வந்தால் லண்டன்காரர்கள் மனசுக்குள் திட்டுவது என்னைத்தான். அதற்குக் கிடைக்கும் சம்பளம் மோசமில்லை. அந்த மோசமில்லாத சம்பளமே பின்னால் எனக்கு வினையாக வந்தது.

2

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் முதலில் பார்ப்பது பிள்ளையின் முகத்தை அல்ல, காணியை. கல்யாணத்துக்குப் பெண் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அந்த வீட்டில் ஏறுவார். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போகிற வாப்பாவுக்குத் தேத்தண்ணி கிடைக்கும், பதில் கிடைக்காது.

எங்களுக்கு ஒரே மகள், ஸைனப். அவள் முதலாம் வகுப்புக்குப் போன வருஷம் என் மனைவி பரீனா கணக்குப் போட ஆரம்பித்தாள். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு லண்டனில்தானே வீடு கொடுக்க வேண்டும்? புத்தளத்தில் கட்டிக் கொடுத்தால் மாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் விமானத்திலா வேலைக்குப் போவார்? நியாயமான கேள்வி. ஆகவே இரண்டாவது வீட்டை வாங்கினோம். முன்னால் ஒரு சின்ன அறை, மேலே இரண்டு அறை, பின்னால் துணி காயப்போடக் கொடி கட்ட ஒரு துண்டு நிலம். ரயில் போனால் கோப்பைகள் பேசும்.

காசு எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். வங்கியில் இருந்தது. வங்கியினுடைய காசு.

வட்டி கொடுப்பதும் எடுப்பதும் ஹராம் என்று எனக்குத் தெரியாதா? நாங்கள் குடியிருக்கிற முதலாவது வீட்டை வாங்கும்போதே அந்தப் பயத்தில் மூன்று மௌலவிமாரிடம் போனேன். முதலாமவர் ஆகாது என்றார். இரண்டாமவர் அறவே ஆகாது என்றார். மூன்றாமவர், தலைக்கு மேலே கூரை இல்லாத நிர்ப்பந்தம் என்றால் இந்த நாட்டில் மன்னிப்பு உண்டு என்றார். அந்த மனிதருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். இரண்டாவது வீட்டுக்கு நான் யாரிடமும் போகவில்லை. அதே தீர்ப்பைத்தான் பாவித்தேன். ஒரு நிர்ப்பந்தத்துக்கு இரண்டு வீடு.

அந்தக் கடனும் ஒரு விசித்திரமான கடன். மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டினால் போதும். வாங்கிய முதல் தொகையை இருபத்தைந்து வருஷம் முடிய ஒரே தடவையில் கேட்பார்கள். வாடகை வரும், அதில் வட்டி போகும், மிச்சத்தைச் சேர்த்து வைத்து முதலைக் கட்டி, வீட்டை மகள் பெயருக்கு எழுதி, மருமகனை ஏற்றுவது என்பதுதான் திட்டம். திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. அரசாங்கத்தை மட்டும் மறந்துவிட்டேன்.

3

என் வரிக்கணக்கைப் பார்ப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். யோகண்ணர் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு சேலைக்கடைக்கு மேலே அலுவலகம். ஒருநாள் அவர் என்னைக் கதிரையில் இருத்தி, தண்ணீரும் தந்து, சட்டம் மாறிவிட்டது என்றார். கணக்காளர் தானாகத் தண்ணீர் தந்தால் பயப்பட வேண்டும் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

முந்தி வாடகையிலிருந்து வட்டியைக் கழித்து, மிச்சத்துக்கு வரி. அது எனக்கும் விளங்கும். இப்போது கடன் வட்டி செலவு அல்ல. வந்த வாடகை முழுவதும் உங்கள் வருமானம். அதற்கு வரி போட்ட பிறகு, வட்டியில் நூற்றுக்கு இருபதை மட்டும் வரியிலிருந்து குறைத்துக்கொள்வார்கள். குறைந்த சம்பளக்காரருக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முழு வாடகையும் சம்பளத்தோடு சேரும்போது என்னைப் போன்றவர்கள் நூற்றுக்கு நாற்பது கட்டுகிற படிக்கு ஏறிவிடுவார்கள். ஆயிரத்து இருநூறு பவுண் வாடகை வந்து, தொள்ளாயிரம் வட்டியாய்ப் போனால், என் கையில் முந்நூறு. அரசாங்கத்தின் கண்ணில் ஆயிரத்து இருநூறு. நான் எவ்வளவு பெரிய பணக்காரன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப எனக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்டேன்.

"வரி முந்நூறு. உமக்கு மிஞ்சுறதும் முந்நூறுதானே. சரியாப் பொருந்துது," என்றார் யோகண்ணர், ஒரு திருப்தியோடு. "குழாய் உடைஞ்சா மட்டும் உம்மட கையால."

பிறகு வட்டி வீதமும் ஏறியது. அந்தக் கணக்கை இங்கே எழுதினால் பள்ளிவாசல் கூரைக்கு நீங்கள் எனக்குக் காசு அனுப்ப வேண்டிவரும்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றை நினைத்துச் சிரித்தேன். எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை மௌலவிமார் தொண்டை கிழியச் சொல்லியும் என் மண்டையில் ஏறாததை இந்த அரசாங்கம் ஒரே சட்டத்தில் ஏற்றிவிட்டது. வட்டியெல்லாம் ஒரு செலவா, வெட்கமில்லையா என்று கேட்டுவிட்டது. இதிலே இன்னொரு விசேஷமும் இருக்கிறது. ஒரு கம்பனி தொடங்கி அந்தக் கம்பனியின் பெயரில் வீட்டை வாங்கியிருந்தால், வட்டி மறுபடியும் செலவாகிவிடுமாம். மனிதன் கொடுத்தால் பாவம், கம்பனி கொடுத்தால் வியாபாரம். மூன்றாவது மௌலவி இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இப்போதே மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்றும் யோகண்ணரிடம் கேட்டிருந்தேன். கொடுத்தாலும் விற்றதாகத்தான் கணக்காம். வாங்கிய நாளிலிருந்து ஏறிய விலைக்கு நான் வரி கட்ட வேண்டும், வங்கியும் சம்மதிக்க வேண்டும். ஊரில் சீதனம் கேட்பவர் மாப்பிள்ளையின் உம்மா ஒருத்திதான். இங்கே அவருக்கு முன்னால் அரசாங்கம் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

4

அந்த வீட்டில் ஏழு வருஷமாக நிஸ்தார் இருக்கிறான். மனைவி ரிஸானா, இரண்டு பிள்ளைகள். விடியப்புறம் எழும்பிப் பாண் பேக்கரியில் மா பிசையப் போகிறவன். புத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள தில்லையடியிலிருந்து வந்தவன் என்று சொல்வான். அதற்கு முதல் மன்னார். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது அவனுக்கு எட்டு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. கண்டக்குழிப் பக்கம் என் வாப்பாவுக்கு ஒரு தென்னங்காணி இருந்தது. அதில்தான் அவர்கள் ஓலைக் கொட்டில் போட்டு இரண்டு வருஷம் இருந்தார்கள்.

இந்தக் கதையை நான் லண்டனில் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ஹாஜியார், அதாவது என் வாப்பா, நாற்பது குடும்பத்துக்குக் காணி கொடுத்தார், ஒரு சதம் வாடகை வாங்கவில்லை. சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்மும். கேட்பவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். அந்த வருஷங்களில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் அள்ள ஒருநாள்கூட ஆளுக்குத் தட்டுப்பாடு வரவில்லை என்பதையும், அவர்களுக்கு என்ன கூலி கொடுத்தோம் என்பதையும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை.

நிஸ்தார் வீடு தேடி வந்தபோது, ஹாஜியாரின் மகன் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தான். வாப்பாவின் பெயருக்கு இங்கேயும் மதிப்பிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம், ஒரே புளுகம். பத்திரம், ஒப்பந்தம் ஒன்றும் வேண்டாம், ஊர்க்காரர்தானே என்றேன். ஸலாம் சொல்லிக் கைகொடுத்தோம், முடிந்தது. அவன் ஒரு மாத வாடகையை முற்பணமாக ஓர் உறையில் போட்டுத் தந்தான். அது அவனுடைய காசு. போகும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டிய அமானிதம். அதை வங்கியில் போட்டால் வட்டிக் காசோடு கலந்துவிடும். ஆகவே உறையில் 'நிஸ்தாருடைய அமானிதம்' என்று எழுதி, அலுமாரியில் குர்ஆன் வைக்கிற தட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். வீட்டுக்கே வட்டி கொடுக்கிறவன் முற்பணத்தில் வட்டி படக்கூடாது என்று பார்த்த பார்வையை நினைத்தால் எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் அந்த உறையை நான் ஒருநாளும் தொடவில்லை. வங்கிக்குக் கட்ட வழியில்லாமல் கடனட்டையைத் தேய்த்த மாதங்களிலும் தொடவில்லை.

5

வரி வந்த பிறகு நிஸ்தாருக்குத் தொலைபேசி எடுத்து வாடகையைக் கூட்டினேன். அரசாங்கம், சட்டம், வட்டி என்று கால் மணித்தியாலம் விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "செரி நானா" என்றான். அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வாதாடத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது.

அடுத்த வருஷம் மில்ட்டன் கீன்ஸிலிருந்து ஸைனப்புக்கு ஒரு சம்பந்தம் வந்தது. புத்தளத்துக் குடும்பம், பல் வைத்தியர் மாப்பிள்ளை. அவரின் உம்மா மிகவும் மரியாதையானவர். சீதனம் என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை. பிள்ளைகள் இருப்பதற்கு இடம் இருக்கிறதாமே, அது எப்போது காலியாகும் என்று மட்டும் பரீனாவிடம் கேட்டார். பரீனா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பேர் மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருமகனை ஏற்றுவோம் என்று முடிவு செய்தோம். ஸைனப்பிடம் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னோம். வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணமிருந்தது. எங்கள் மகள் எங்களை விட்டு விலகிப் போனாள், ஆனால் மற்றவர்களின் பிள்ளைகள் போன திசையில் அல்ல. அவர்களுடைய பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். இவள் மார்க்கத்தைப் பிடித்துக்கொண்டு எங்களைத் துரத்துகிறாள். ஆண்தான் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும், பெண் வீட்டில் வாங்குவது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்பாள். பதில் தமிழில்கூட எங்களிடம் இல்லை. வேலையும் அப்படித்தான். வீட்டுச் சொந்தக்காரர்களால் கஷ்டப்படுகிற வாடகைக்காரர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லுகிற ஓர் அலுவலகம். வாப்பா ஒரு வீட்டுக்காரர் என்பது அவளுக்கு அங்கே எவ்வளவு சங்கடம் என்று நான் யோசித்ததே இல்லை.

நோன்புக்கு இரண்டு வாரம் இருக்க, பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு நிஸ்தாரிடம் போனேன். வீட்டை விடச் சொல்லப் போகிறவன் வெறுங்கையோடு போகலாமா? கதவைத் திறந்ததும் நடையில் ஒரு சின்ன மேசை. மூத்தவள் அதில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழும்பி நகர்ந்தால்தான் நான் உள்ளே போகலாம். முன்னறைக்குள் யாரோ ஒரு மாணவன் இருந்தான். நான் கூட்டிய வாடகையைக் கட்ட அந்த அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். நான் பார்த்தேன். பார்க்காதது போல ரிஸானா தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

மகளுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது, வீடு தேவைப்படுகிறது என்றேன். அவசரமில்லை, பெருநாள் முடியட்டும் என்றேன். எவ்வளவு தாராளம் பாருங்கள்.

நிஸ்தார் பேரீச்சம்பழப் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தான். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னான்.

"உங்கட வாப்பாவும் எங்கட வாப்பாக்கிட்ட இப்பிடித்தான் சொன்னாரு நானா. பெருநாள் முடியட்டும், புள்ளைகள் புது உடுப்புப் போட்டுட்டுப் போகட்டும் எண்டு. மரியாதையான மனிசன்."

எனக்கு விளங்கவில்லை. அவர்கள் தாங்களாகவே தில்லையடிக்குப் போனதாகத்தான் நான் முப்பது வருஷமாக நம்பியிருந்தேன். அந்த நேரம் நான் கொழும்பில் வேலை பார்த்தேன். வெளியே வந்து தெருவிலேயே நின்று ரஸீன் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வெங்காய விலை உச்சத்துக்குப் போன வருஷம், காணி தோட்டத்துக்குத் தேவைப்பட்டது, அதனால் வாப்பா அவர்களை எழுப்பி அனுப்பினார், இதில் என்ன இருக்கிறது என்றார் அவர். இப்போது அந்தக் காணியில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஓலைக் குடில்கள் இருக்கின்றன. ஓர் இரவுக்கு ரஸீன் நானா வாங்கும் வாடகை எனக்குத் தெரியும். தொலைபேசியை வைத்த பிறகு வெகு நேரம் எனக்குப் பஸ் ஏற மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் நிஸ்தாரிடம் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை. வெட்கம் வேறு, மருமகன் வேறு.

6

மூன்று வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. வாடகைக்காரரின் முற்பணத்தை அரசாங்கம் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில், வாங்கி முப்பது நாளைக்குள் நான் வைப்புச் செய்திருக்க வேண்டுமாம். செய்யாதது குற்றமாம். அந்தத் தொகையின் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் என்னிடம் வாங்கிக் கொடுக்கலாமாம். வாயால் சொன்ன அறிவித்தல் செல்லாதாம். கடிதத்தின் தலையில் ஸைனப் வேலை செய்கிற அலுவலகத்தின் பெயர். அடியில் யாரோ ஒரு ஆங்கிலப் பெண்ணின் கையெழுத்து.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். என்னையா? ஒரு சதம் தொடாமல் பூட்டி வைத்திருக்கிற என்னையா திருடன் என்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஸைனப் நோன்பு திறக்க வந்ததும் கடிதத்தைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. நிஸ்தார் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது விலாசத்தைப் பார்த்து விஷயத்தை விளங்கிக்கொண்டதாகவும், மகளாக இருப்பதால் தான் அந்த ஃபைலைத் தொடக்கூடாதென்று வேறொருத்தியிடம் கொடுத்ததாகவும் சொன்னாள். வாப்பாவின் வீடு என்று அவளிடம் சொல்லும்போது செத்துப் போகலாம் போல் இருந்தது என்றாள். இதை ஆங்கிலத்தில் சொன்னாள். அழ வரும்போது அவளுக்குத் தமிழ் வராது.

நான் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து உறையைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். "இதுதான் அவன்ட காசு. எண்ணிப் பார். ஒரு தாள் குறைஞ்சா என்னைக் கோட்டுக்குக் கொண்டு போ," என்றேன்.

அவள் உறையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அமானிதம் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றாள். பிறகு தாள்களை வெளியே எடுத்து ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வாப்பா, இதெல்லாம் பழைய தாள். கடையில எடுக்க மாட்டாங்க. மாத்தி எவ்வளவு வருஷம்."

உண்மைதான். எல்லாம் பழைய கடதாசி இருபது பவுண் தாள்கள். அவற்றை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் தாள் கொண்டுவந்தது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அலுமாரிக்குள் இருந்த காசுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று நான் யோசிக்கவில்லை. வாங்கிய அதே தாளைத் திருப்பிக் கொடுப்பதுதான் அமானிதம் என்று காத்தேன். செல்லாக் காசைக் காத்திருக்கிறேன்.

ஸைனப் சிரிக்கத் தொடங்கினாள். பரீனாவும் சிரித்தாள். பிறகு மகளின் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. கடனட்டையை நிரப்பிய மாதங்களில்கூட இதைத் தொடவில்லையா என்று கேட்டாள். தொடவில்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"அவங்கட காசத் தொட உங்களுக்குப் பயம். அவங்களத் தெருவுல விட மட்டும் பயமில்லையா? அந்தப் புள்ளைகள எழுப்பிட்டுத் தாற வீட்டுல எனக்குத் தொழுவ ஏலாது வாப்பா. அந்த வீடு எனக்கு வேணாம்."

இருபது வருஷம் வட்டி கட்டிய வீடு. எனக்குப் பேச இருந்ததெல்லாம் அரசாங்கத்தைப் பற்றியே இருந்தது. வரிச் சட்டம் என்னைத் தள்ளியது உண்மை. நான் விழுந்தது அந்த நடை மேசையில் பாடம் எழுதிய பிள்ளையின் மேல் என்பதும் உண்மை. அதை எந்தக் கணக்காளரிடம் காட்டுவது?

பரீனா மில்ட்டன் கீன்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, வீடு காலியாகாது என்று சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மரியாதையான குடும்பம், அவசரப்பட மாட்டார்கள்.

7

பழைய தாள்களை மாற்ற நகரத்துக்குள் இருக்கும் மத்திய வங்கிக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கிழவி, செத்துப்போன கணவனின் மெத்தைக்குள் கண்டெடுத்த காசோடு நின்றாள். இந்தக் காசு இவ்வளவு காலம் எங்கே இருந்தது என்று கவுண்டரில் கேட்டார்கள். அலுமாரியில் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அது வேறொருவருடைய காசு என்றேன். அந்தப் பதில் எனக்குச் சாதகமாக அமையவில்லை. மூன்று படிவங்கள் நிரப்பித்தான் வெளியே வந்தேன். அந்தக் காசை உரிய திட்டத்தில் போட்டேன். நிஸ்தார் மூன்று மடங்கு கேட்டு வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அது அவனுடைய நியாயம்.

கூட்டிய வாடகையில் பாதியைக் குறைத்தேன். முழுவதையும் குறைத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அந்த மாணவன் முன்னறையை விட்டுப் போக அந்தப் பாதியே போதுமாக இருந்தது. மிச்சத்தை ஈடு செய்ய ஞாயிற்றுக்கிழமைகளிலும் டிப்போவுக்குப் போகிறேன். மேலதிக வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்துக்கும் நூற்றுக்கு நாற்பது. யோகண்ணர் என்னைக் கண்டால் இப்போது கேட்காமலே தண்ணீர் எடுத்து வைக்கிறார்.

போன சனிக்கிழமை ஒப்பந்தம் எழுதினோம். ஸைனப் நாலு பக்கத்துக்குத் தட்டெழுதிக் கொண்டு வந்திருந்தாள். விற்பதற்கென்றோ, என் குடும்பத்தார் குடியிருப்பதற்கென்றோ ஐந்து வருஷத்துக்கு நான் இவர்களை எழுப்ப முடியாது என்று அதில் ஒரு வரி. நிஸ்தார் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தான். ஸைனப் தமிழில் விளங்கப்படுத்த முயன்று, பாதியில் அவனே அவளுக்கு விளங்கப்படுத்தினான். நான் கையெழுத்துப் போட்டேன். அவன் போட்டான்.

பிறகு அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, தில்லையடியில் இருக்கும் தன் வாப்பாவுக்கு அனுப்பினான். எழும்ப வேண்டியதில்லை என்று எழுதிய தாள் ஒன்றை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை, அதுதான் நானா என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னான். பத்து நிமிஷத்தில் அவரே அழைத்தார். படத்தில் தெரிந்தது ஒரு வெள்ளைத் தாடியும் பாதி நெற்றியும்தான். நான் ஸலாம் சொன்னேன். அவர் பதில் ஸலாம் சொன்னார். என் பக்கம் பார்த்தாலும், கேள்வியை மகனிடம்தான் கேட்டார்.

"ஹாஜியார்ட மகன் மனசால போட்டாரா, இல்ல ஆராவது சொல்லிப் போட்டாரா?"

நிஸ்தார் என்னைப் பார்த்தான். ஸைனப் தன் பேனையை மூடிக்கொண்டிருந்தாள்.

"மகள் சொல்லித்தான் எண்டு சொல்லுங்க," என்றேன்.

நிஸ்தார் அப்படியே சொன்னான். 

"அப்பிடியெண்டா செரி," என்றார் கிழவர். "ஹாஜியாரும் மனசாலதான் தந்தாரு. இத நம்பலாம்."